பின்தொடரும் பாதங்கள்: நாயுடன் ஓர் இலையுதிர் கால நடைக்கு வரலாறு தரும் குறிப்புகள்

அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடர் நிறம் மாறி நிற்கும். மேப்பிள் மரங்கள் சிவந்து, ஓக் மரங்கள் பழுப்பேறி, காலடியில் சருகு சலசலக்கும் காலம் அது. கோடையின் புழுக்கமும் கொசுக்கடியும் தீர்ந்துவிட்டன. கடும்பனி இன்னும் வந்து சேரவில்லை. முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, காட்டில் இரண்டு இரவுகள் தங்கித் திரும்புவதற்கு இதனினும் ஏற்ற பருவம் இல்லை என்பர் அவ்வட்டாரத்தார். அவ்வாறு செல்வோருள் பலர் தனியே செல்வதில்லை. வீட்டு நாயும் உடன் செல்கிறது.

'நாயையும் அழைத்துச் செல்வோம்' என்று முடிவெடுக்க ஒரு நொடி போதும். அதன்பின் எழும் வினாக்களோ பல. எவ்வளவு தொலைவு நடக்கலாம்? சுமையை யார் தூக்குவது? நாயின் பாதம் தாங்குமா? இரவுக் குளிரை என்ன செய்வது? கடைக்காரரைக் கேட்டால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை எடுத்து நீட்டுவார். நாம் இக்கட்டுரையில் கடைப்பக்கம் செல்லாமல் வரலாற்றின் பக்கம் செல்வோம். விலங்கொன்றைத் துணையாகக் கொண்டு நமக்கு முன் நடந்தவர்கள் தம் ஏற்பாடுகளை எழுதி வைத்திருக்கிறார்கள். செய்யத் தவறிய ஏற்பாடுகளும் அவ்வெழுத்துக்களில் தெரிகின்றன. அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

உறக்கப்பைக்காக வந்த கழுதை

குறுகியதோர் இலையுதிர் கால நடைக்கு ஒருவர் என்னென்ன ஆயத்தங்கள் செய்தார் என்று விரிவாகச் சொல்லும் நூல் வேண்டுமென்றால், ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனிடம்தான் போக வேண்டும். 'புதையல் தீவு' எழுதிப் புகழ் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், தென்பிரான்சின் லெ மொனாஸ்தியே என்னும் சிற்றூரிலிருந்து அவர் புறப்பட்டார். செவென் மலைப்பகுதியில் 12 நாட்கள், ஏறத்தாழ 120 மைல்கள் நடந்தார். துணைக்கு வந்தது நாயன்று. மொடஸ்தீன் என்னும் பெண் கழுதை. இருப்பினும் விலங்குடன் நடக்கத் திட்டமிடுவோர் எவருக்கும் அப்பயணம் ஒரு பாடம்.

இலையுதிர் காலத்தில் மலைச் சாலையோர விடுதிகளை நம்ப முடியாது என்பதால், வெளியில் படுக்க வழி செய்துகொள்ள வேண்டும் என்று அவர் கருதினார். கூடாரம் அடிப்பதும் பிரிப்பதும் தொல்லை. போவோர் வருவோர் கண்ணிலும் படும். ஆகவே தாமே ஓர் உறக்கப்பையை வடிவமைத்துத் தைக்கச் செய்தார். ஏறக்குறைய ஆறடிச் சதுரம். வெளிப்புறம் நீர் புகாத பச்சை வண்டித்துணி, உட்புறம் நீலநிற ஆட்டுரோமம். கதகதப்புக்குக் குறைவில்லை. ஆனால், அதை மனிதன் தோளில் சுமக்க முடியாது! ஆகவே 65 பிராங்குகளும் ஒரு கோப்பை பிராந்தியும் விலையாகக் கொடுத்துக் கழுதையை வாங்கினார். அதாவது, முதலில் பை வந்தது. பைக்காகவே கழுதை வந்தது. திட்டத்தின் இந்த வரிசையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம்.

பைக்குள் கைத்துப்பாக்கி, சாராய விளக்கடுப்பு, லாந்தர், மெழுகுவர்த்திகள், மாற்றுடைகள், ஆட்டுத்தொடை, மது, ரொட்டி என்று அனைத்தும் ஏறின. முட்டை அடிக்கும் கருவியும் ஒன்று இருந்தது. முதல் நாளே சுமை சரிந்து கழுதையின் வயிற்றுக்கடியில் தொங்கியது. வேறு வழியின்றி வெள்ளை ரொட்டியையும் ஆட்டுத்தொடையையும் முட்டைக் கருவியையும் தூக்கியெறிந்தார் ஸ்டீவன்சன். பின்னொரு நாள் இருட்டில் வழி தவறி, உதவ ஆளின்றி, மழைக்கு நடுவே மரத்தடியில் உறங்க நேர்ந்தது. செப்டம்பர் இறுதியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தினும் குறைந்துவிடுகிறது; அக்டோபர் நடுவில் அப்பலாச்சிய மலைகளில் அது பதினோரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மலைச்சரிவில் வெளிச்சம் அதற்கு முன்பே மங்கிவிடும். கோடையில் நடந்த தொலைவை இலையுதிர் காலத்தில் அப்படியே கணக்கிடலாகாது என்பதை அந்த ஓர் இரவு உணர்த்துகிறது.

எனினும் பெரிய பாடம் பயணத்தின் முடிவில் உள்ளது. வழியில் ஒருநாள் கழுதையின் முன்னங்கால்களின் உட்புறம் தோலுரிந்து புண்ணாகிக் கிடந்ததைக் கண்டார். அக்டோபர் தொடக்கத்தில் சேன்-ஷான்-து-கார் ஊரை அடைந்தபோது, இது இனி நடக்காது, குறைந்தது இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டீவன்சனுக்கோ கடிதங்கள் காத்திருந்தன, அவசரம். சேணத்தோடு சேர்த்து 35 பிராங்குகளுக்குக் கழுதையை விற்றார். வண்டியேறிய பிறகு அதை நினைத்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார். ஓய்வு நாள் ஒன்று கூட இல்லாத திட்டத்தில் முதலில் உடைவது விலங்குதான். கழுதையை விற்கலாம். நாயை?

முதுகில் பை சுமந்த நாய்கள்

இன்று நாய்க்கென்றே இருபுறமும் தொங்கும் சிறு பைகள் கிடைக்கின்றன. 'அதன் உணவை அதுவே சுமக்கட்டும்' என்பது நடையர்களின் வாதம். இது புதிய கண்டுபிடிப்பு என்று எவரேனும் எண்ணினால், ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1541இல் கொரொனாதோ என்னும் ஸ்பானியத் தளபதியின் படை வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளிக்குள் புகுந்தது. அங்கே எருமைக் கூட்டங்களைத் தொடர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்களிடம் குதிரைகள் இல்லை, நாய்கள் இருந்தன. கூடாரத் தோல்களையும் கழிகளையும் அந்நாய்களே சுமந்தும் இழுத்தும் சென்றன. படையில் இருந்த காஸ்தன்யேதா பின்னாளில் எழுதிய வரலாற்றில் ஓர் அழகிய செய்தி உண்டு: முதுகுச் சுமை ஒருபக்கமாய்ச் சரிந்தால் நாய்கள் ஊளையிட்டு, அதைச் சரிசெய்ய ஆளை அழைக்குமாம்! அதே படையெடுப்பைப் பற்றிய வேறொரு குறிப்போ அத்துணை இனிமையானதன்று. சேணம் போன்ற அமைப்பைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டியதால், பொதி விலங்குகளுக்கு வருவதுபோலவே அந்நாய்களின் முதுகிலும் புண்கள் இருந்தன என்கிறது அது.

இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது நமக்குத் தேவையான அறிவுரை கிடைத்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்து பழகிய நாய்களுக்கே முதுகு புண்ணாயிற்று. சோபாவில் உறங்கும் நம் நாய் எம்மாத்திரம்? நன்கு பழகிய, நலமான, முழு வளர்ச்சியடைந்த நாய்க்கே சுமை அதன் எடையில் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. புதிய நாய்க்குப் பத்தில் ஒரு பங்கே மிகுதி. வெறும் பையை வீட்டருகே சில வாரங்கள் அணிவித்துப் பழக்கிய பின்னரே அதையும் ஏற்றலாம். சுமை இருபுறமும் ஒத்த எடையில் இருக்க வேண்டும். இரவில் பையைக் கழற்றியதும் அக்குளையும் மார்பையும் தடவிப் பார்க்க வேண்டும். காஸ்தன்யேதா கண்ட நாய்கள் ஊளையிட்டுச் சொல்லத் தெரிந்தவை. எல்லா நாய்களும் சொல்வதில்லை.

பையினுள் என்ன இருக்கிறது என்பதும் கவனத்திற்குரியது. நடையர்கள் கொறிப்பதற்கென்று எடுத்துச் செல்லும் கலவையில் உலர்திராட்சையும் சாக்லேட்டும் கட்டாயம் இருக்கும். இவ்விரண்டும் நாய்க்கு நஞ்சு. சர்க்கரைக்கு மாற்றாக இனிப்பூட்டப் பயன்படும் சைலிட்டால் அவற்றினும் கொடிது. நமக்குத் தெம்பளிக்கும் கைப்பிடி உணவு, கூடாரத்துக்குள் கவனிப்பாரற்றுக் கிடந்தால் துணைவனின் உயிருக்கே உலை வைத்துவிடும்!

பாதங்கள் பட்ட பாடு

மலையேற்ற வரலாற்றில் ஷிங்கெல் என்னும் பெண் நாய்க்குத் தனியிடம் உண்டு. 1868இல் கிறிஸ்டியன் ஆல்மர் என்ற புகழ்பெற்ற சுவிஸ் வழிகாட்டி அதை கூலிட்ஜ் என்னும் இளைஞருக்குப் பரிசளித்தார். கூலிட்ஜுடனும் அவருடைய சிற்றன்னை மெட்டா பிரிவூர்ட்டுடனும் சேர்ந்து அந்நாய் ஆல்ப்ஸின் சிகரங்களும் கணவாய்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவற்றை ஏறிக் கடந்தது. 1875இல் மோன் பிளாங் சிகரத்தையும் எட்டியது. கூர்மையான பனியும் பாறையும் பாதங்களைக் கிழித்தன. அதற்கென்று தோலால் சிறு காலணிகள் செய்து மாட்டினார்கள். ஷிங்கெலோ அவற்றை உதறித் தள்ளிவிட்டது!

இக்காட்சி இன்றும் மலையடிவாரங்களில் நாள்தோறும் அரங்கேறுகிறது. காலணியை முதன்முதலாக மலையடிவாரத்தில் மாட்டினால், நாய் நான்கு கால்களையும் மாறி மாறி உயர்த்திக் கூத்தாடும். காலணியையும் பையைப் போலவே வீட்டில் பழக்க வேண்டும் என்பது 150 ஆண்டுப் பழைய பாடம். இலையுதிர் காலத்தில் இது இன்னும் முக்கியம். உதிர்ந்த இலைகள் கூர்ங்கற்களை மூடி மறைக்கின்றன. அத்துடன், குளிர் வந்துவிட்டால் உண்ணி இராது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கிழக்கு அமெரிக்காவில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் முதிர்பருவம் பெருகுவது அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான். மாலைதோறும் காதோரத்தையும் விரலிடுக்கையும் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கே அனுமதி, எங்கே இல்லை

வழியைத் தேர்ந்தெடுக்குமுன் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுள் பெரும்பாலானவை நடைபாதைகளில் நாயை அனுமதிப்பதில்லை. காட்டுவிலங்குகளுக்கு நாயின் வாடையே வேட்டைவிலங்கின் வாடை என்பதும், நோய் பரவும் என்பதும் அதற்கான காரணங்கள். 1934இல் அமைந்த கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் நூற்றுக்கணக்கான மைல் பாதைகள் இருந்தும் நாய்க்குத் திறந்திருப்பவை இரண்டு சிறு பாதைகளே. 1935இல் வர்ஜினியாவில் அமைந்த ஷெனண்டோவா பூங்கா இதற்கு விதிவிலக்கு. அங்குள்ள 500 மைலுக்கு மேற்பட்ட பாதைகளில் ஏறத்தாழ 20 மைல்கள் தவிர மற்றவற்றில் நாயுடன் நடக்கலாம். வார் ஆறடிக்கு மேற்படக்கூடாது என்பது நிபந்தனை. ஓல்ட் ராக் மலையும் டார்க் ஹாலோ அருவியும் விலக்கப்பட்ட பாதைகளுள் அடங்கும். காட்டில் இரவு தங்க அனுமதிச்சீட்டு பெற வேண்டும். கரடிகள் குளிர்காலத்திற்கு முன் உண்டு கொழுக்கும் பருவம் இது. ஆகவே நம் உணவோடு நாயின் உணவையும் கரடிக்கு எட்டாதவாறு உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது அதற்குரிய கலத்தில் பூட்ட வேண்டும். பூங்காவுக்குள் வேட்டைக்குத் தடை உண்டு என்றாலும், எல்லைக்கு வெளியே உள்ள அரசுக் காடுகளில் இலையுதிர் காலம் வேட்டைக் காலம். நமக்கும் நாய்க்கும் பளிச்சென்ற செம்மஞ்சள் மேலாடை தேவை.

வழிகாட்டும் நாய்களுக்கு இத்தடைகளிலிருந்து விலக்குண்டு. 1990இல் பார்வையற்றவரான பில் இர்வின், ஓரியன்ட் என்னும் ஜெர்மன் ஷெப்பர்ட் நாயுடன், 2,100 மைல்களுக்கும் நீண்ட அப்பலாச்சியப் பாதை முழுவதையும் நடந்து முடித்தார். மார்ச்சில் தொடங்கிய நடை நவம்பரில் நிறைவுற்றது. அங்கே பின்தொடர்ந்தவர் மனிதர். வழி நடத்தியது நாய். மற்ற நடைகளிலோ நிலைமை தலைகீழ். நாம் முடிவெடுக்கிறோம்; நாய் பின்தொடர்கிறது. இந்த இடத்தில்தான் நம் கட்டுரையின் மையமான வினா எழுகிறது.

பின்தொடர்வது சம்மதமாகுமா?

1805ஆம் ஆண்டு ஏப்ரலில் சார்லஸ் கஃப் என்னும் இளைஞர், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள ஹெல்வெலின் மலையைக் கடக்க நாயுடன் தனியே புறப்பட்டார். மூன்று மாதங்கள் கழித்து, ஜூலையில், செங்குத்துச் சரிவின் அடியில் ஓர் ஏரிக்கரையில் இடையர் ஒருவர் அவருடைய எலும்புகளைக் கண்டார். அருகிலேயே நாயும் உயிரோடு இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அந்நாயின் பற்றுறுதியைக் கவிதையில் போற்றினர். லாண்ட்சீர் ஓவியமாகத் தீட்டினார். 1890இல் மலைமேல் நினைவுக்கல்லும் நட்டனர். இறந்த உடலருகே அந்நாய் எதை உண்டு உயிர் வாழ்ந்தது என்ற விரும்பத்தகாத கேள்வியும் அக்காலத்திலேயே எழுந்தது. கவிஞர்கள் அக்கேள்வியை ஒதுக்கி வைத்தனர். நாமோ வேறொன்றைக் கேட்போம். நாயின் விசுவாசத்தை இவ்வளவு பாடியவர்கள், அதை அம்மலைக்கு அழைத்துச் சென்ற முடிவைப் பற்றி ஏன் பேசவில்லை?

இவ்வினாவுக்கு நேர்மையாக முகம் கொடுத்தவர் ஜான் மியூர். 1880இல் தென்கிழக்கு அலாஸ்காவுக்குத் தோணியில் சென்றபோது, உடன் வந்த ஹால் யங் என்னும் சமயப் பணியாளர் ஸ்டிக்கீன் என்ற சிறு கருநிற நாயையும் ஏற்றிக்கொண்டார். இப்பயணத்திற்கு அது தாங்காது என்று தொடக்கத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தவர் மியூர்தாம். ஆனால், அவர் எங்கு நடந்தாலும் நாய் அவரையே தொடர்ந்தது. ஒருமுறை சொரசொரப்பான பனிமேல் அதன் பாதம் கிழிந்து, அடிதோறும் குருதிச் சுவடு பதிந்தது. நாய் முனகக்கூட இல்லை. செந்நிறச் சுவடுகளைத் தற்செயலாகக் கண்ட பின்னரே மியூர் கைக்குட்டையைக் கிழித்து அதற்குக் காலுறை கட்டினார்.

ஆகஸ்ட் 30 அன்று விடியலில், புயல் மழையில், காலை உணவும் கொள்ளாமல், ஒரு துண்டு ரொட்டியும் பனிக்கோடரியுமாக மியூர் பனியாற்றை நோக்கிப் புறப்பட்டார். நாயைத் திரும்பிப் போகச் சொன்னார், அது போகவில்லை. அன்று மாலை இருள் சூழும் நேரத்தில், அகன்றதொரு பனிப்பிளவு இருவரையும் மறித்தது. வந்த வழியே திரும்ப நேரமில்லை. பிளவின் குறுக்கே, விளிம்பிலிருந்து பல அடி ஆழத்தில், கத்திமுனை போன்ற ஒரு பனிப்பாலம் மட்டுமே இருந்தது. மியூர் படிகளை வெட்டி இறங்கி, பாலத்தின்மேல் கால்களை இருபுறமும் தொங்கவிட்டு அமர்ந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். நகரும்போதே அதன் கூர்விளிம்பைச் செதுக்கி, நான்கு அங்குல அகலத்திற்குச் சமதளமாக்கிக்கொண்டே சென்றார். அக்கரை சேர்ந்ததும் அழைத்தார். அதுவரை எதற்கும் அஞ்சாத ஸ்டிக்கீன் முதன்முறையாக ஓலமிட்டு அழுதது. வேறு வழி தேடி ஓடியது. இல்லையென்று கண்டு திரும்பி வந்தது. இறுதியில் அந்த நான்கு அங்குலத் தடத்தின்மேல் மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்துக் கடந்தது. கடந்தபின் அது ஆடிய ஆனந்தக் கூத்தை விவரிக்க மியூர் பல பத்திகள் எடுத்துக்கொண்டார். அவ்வனுபவத்தை 1897இல் இதழிலும் 1909இல் தனி நூலாகவும் வெளியிட்டார். ஸ்டிக்கீனை 1883இல் ஒரு சுற்றுலாப் பயணி திருடிக் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டதாகவும், அதன்பின் அதன் கதி தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

இக்கதையை வீரக்கதையாகப் படிப்பதே வழக்கம். திட்டமிடுவோரின் கண்ணோடு படித்தால் வேறொன்று புலப்படும். குருதி சொட்டும் பாதத்தோடு முனகாமல் தொடர்ந்த நாய், 'எனக்கு நலமே' என்று சொல்லவில்லை. 'உன்னோடு வருகிறேன்' என்று மட்டுமே சொன்னது. இவ்விரண்டும் ஒன்றல்ல. நாய் தன் களைப்பையும் வலியையும் மறைத்துக்கொண்டு நடக்கும் இயல்புடையது. எனவே 'நாய் சோர்ந்தால் நின்றுவிடுவோம்' என்பது திட்டமாகாது. அது சோர்வைக் காட்டும் வேளையில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எங்கே நிற்பது, எங்கிருந்து திரும்புவது என்பதைப் புறப்படுமுன்பே, வரைபடத்தின்மேல், நாமே குறித்துவிட வேண்டும்.

அக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? நாய் இதற்குமுன் ஒரே நாளில் நடந்து பழகிய தொலைவே நம் ஒருநாள் தொலைவின் எல்லை. நம் கால்களின் வலிமையன்று. முதல் இரவு தங்குமிடம், வண்டி நிற்குமிடத்திற்கு ஒரு வேளையில் திரும்பக்கூடிய தொலைவில் இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரத்திற்கு முன்பே நடையை நிறுத்துவோம். நீர்நிலைகளுக்கிடையிலான தொலைவை நாயின் தாகத்தைக் கொண்டு அளப்போம். இரவில் அது படுக்க, தரையின் ஈரம் ஏறாத விரிப்பொன்று நம் உறக்கப்பைக்கு அருகில் வேண்டும். நாயைத் தூக்கிச் சுமந்து இறங்க நேர்ந்தால் நம்மால் இயலுமா என்பதையும் வீட்டிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது. இறுதியாக, மூன்று நாள் நடையென்றால் நான்கு நாள் விடுப்பு எடுப்போம். ஸ்டீவன்சனிடம் இல்லாமற்போன ஓய்வு நாள் அதுதான்.

ஸ்டீவன்சன் தம் உறக்கப்பையிலிருந்து திட்டத்தைத் தொடங்கினார். மியூர் அன்று திட்டமே இல்லாமல் கிளம்பினார். ஆயினும் அந்தப் பனிப்பாலத்தின்மேல், தம் உயிரே ஊசலாடிக்கொண்டிருந்த வேளையிலும், பின்னால் வரப்போகும் நான்கு சிறு பாதங்களுக்காக நான்கு அங்குலத்தைச் சமப்படுத்தினார் அல்லவா? நாயுடன் செல்லும் நடைக்குத் திட்டமிடுவது என்பது இவ்வளவுதான். அந்தச் செதுக்கும் வேலையைப் பனிப்பிளவின்மேல் அமர்ந்து செய்யாமல், வீட்டில் வரைபடத்தின் முன் அமர்ந்து நிதானமாகச் செய்துவிட்டால், இலையுதிர் காலம் நமக்கு மட்டுமின்றி நம்மைத் தொடர்ந்து வருவோருக்கும் இனியதாகும்.